சாட்சி சொல்லும் பிள்ளைக்கு ஒரு நாய் துணை: நம் சட்டம் இடம் கொடுக்குமா?

மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் என் பாட்டியின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனபோது நான் அவர் பக்கத்தில்தான் நடந்து வந்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. வழக்கு பேராக்கில் உள்ள ஒரு நீதிமன்றத்துக்கு வந்தபோது பதினாறு முடிந்திருந்தது. பாட்டியும் சாட்சி, நானும் சாட்சி.

முதலில் பாட்டியைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். ஒரு சாட்சி சொல்வதை இன்னொரு சாட்சி கேட்கக் கூடாது என்பது விதி, நியாயமான விதிதான். சிறிது நேரத்தில் பாட்டி வெளியே வந்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர் அவர். விடியற்காலை இருட்டில் பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சாதவர். அன்று அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“அவங்க கேட்டது ஒண்ணும் விளங்கல. தெரியாது, தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம மணியாவது பக்கத்துல படுத்திருந்தா வாய் வந்திருக்கும்” என்று சிரித்தார். மணி, தோட்டத்தில் அவர் வளர்த்த நாய். நெற்றி விளக்கோடு அவர் நிரைக்குள் இறங்கும்போது அவருக்கு முன்னால் ஓடியது அதுதான்.

அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகவே நான் எடுத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்த பிறகுதான், பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னதைச் சில நாடுகள் சட்டமாகவே எழுதி வைத்திருப்பது தெரிந்தது. சாட்சி சொல்ல அஞ்சும் குழந்தையின் காலடியில் பயிற்சி பெற்ற ஒரு நாய் படுத்திருக்கலாம் என்கின்றன அந்தச் சட்டங்கள். அப்படியொரு சட்டம் மலேசியாவுக்குப் பொருந்துமா, பொருந்தினால் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எங்கிருந்து தொடங்கியது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டல் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தில் எலன் ஓநீல் ஸ்டீபன்ஸ் என்ற பெண் அரசு வழக்கறிஞராக இருந்தார். அவருடைய மகன் உடற்குறை உள்ளவர். மகனுக்கு உதவி செய்த நாயின் பெயர் ஜீட்டர். 2003ஆம் ஆண்டு அந்த நாயை அவர் தம் பணியிடத்துக்கு அழைத்து வரத் தொடங்கினார். அங்கு வந்த பிள்ளைகள் அந்த நாயின் அருகில் அமைதி அடைவதைக் கண்டார். அடுத்த ஆண்டே எல்லி என்ற நாய் முழுநேரப் பணிக்காக அதே வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

பிறகு இந்த வழக்கம் பரவியது. கனடாவில் 2010ஆம் ஆண்டு டெல்டா நகரக் காவல்துறையில் கேபர் என்ற நாய் பணிக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கூப் என்ற லாப்ரடார் நாயும், பிரான்சின் காஓர் நகரில் 2019 முதல் லோல் என்ற நாயும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நின்றன. அமெரிக்காவில் ஆர்கன்சாஸ், இல்லினாய் ஆகிய மாநிலங்கள் 2015ஆம் ஆண்டு இதைச் சட்டமாகவே இயற்றின. மற்ற மாநிலங்கள் சில பின்தொடர்ந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் தன்னார்வலர்கள் அழைத்துச் செல்லும் வீட்டு நாய்களைச் சிகிச்சை நாய் என்பார்கள். நீதிமன்றத்தில் பணிபுரியும் நாய் அதைவிடக் கூடுதல் பயிற்சி பெற்றது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்க்கு நிகராக ஏறக்குறைய இரண்டு ஆண்டு பயிற்சி அதற்கு உண்டு. யாராவது குரலை உயர்த்தினாலும் அது எழக் கூடாது. குழந்தை அழுதாலும் குரைக்கக் கூடாது. மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பொதுவாகக் குழந்தை சாட்சிக் கூண்டுக்கு வருவதற்கு முன்பே நாயை அங்கே படுக்க வைத்துவிடுவார்கள். கூண்டின் பலகை மறைப்பதால் மற்றவர் கண்ணுக்கு அது தெரியாது. குழந்தையின் கையில் கழுத்துவாரின் நுனி இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

நாய் என்ன செய்கிறது?

சாட்சி சொல்வது நினைவை மட்டும் சார்ந்த காரியம் அன்று. உடலும் ஒத்துழைக்க வேண்டும். மிகுந்த அச்சத்தில் தொண்டை அடைக்கிறது, கை சில்லிடுகிறது, தெரிந்த விடையும் வர மறுக்கிறது. எஸ்.பி.எம். வாய்மொழித் தேர்வில் பேச்சு வராமல் நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த அறையில், உங்களைத் துன்புறுத்தியவரே எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

பழகிய நாயைத் தடவும்போது மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசோல் என்ற சுரப்பு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நாய் இருந்தால் குழந்தை உண்மையே பேசும் என்பதற்கு அது சான்றாகாது. பேசக்கூடிய நிலையில் குழந்தை இருக்கும் என்பதே அதன் பொருள். பேசியது உண்மையா என்று எடைபோடுவது நீதிபதியின் வேலை. குழந்தை பேசவே இல்லையென்றால் எடைபோட எதுவும் இல்லை. சிறார் பாலியல் வழக்குகளில் பெரும்பாலும் வேறு சாட்சி இருப்பதில்லை. குழந்தையின் வாய்தான் வழக்கே. அது மூடிக்கொண்டால் குற்றவாளி வெளியே நடந்து போவார். குற்றம் செய்யாத ஒருவர் கூண்டில் நின்றாலும் அதே கதைதான்: குழந்தை தெளிவாகப் பேசினால்தான் அவர் மேல் விழுந்த பழியும் சரியாக விசாரிக்கப்படும்.

எதிர்ப்பும் தீர்ப்பும்

தற்காப்பு வழக்கறிஞர்கள் இதை எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2011ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில், தந்தை மீதான பாலியல் வழக்கில் சாட்சி சொன்ன பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ரோசி என்ற நாய் துணையாக இருந்தது. தந்தை குற்றவாளி எனத் தீர்ப்பானது. ‘அழகான நாயோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தாலே ஜூரிகளுக்கு இரக்கம் வந்துவிடும். அவள் பாதிக்கப்பட்டவள் என்று விசாரணை முடியும் முன்பே அந்த நாய் சொல்லிவிடுகிறது’ என்பது மேல்முறையீட்டின் சாரம். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

அதே ஆண்டு வாஷிங்டன் மாநில உச்சநீதிமன்றத்திலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே சாட்சி குழந்தை அல்லர். மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு பெரியவர். வீடு புகுந்து திருடிய வழக்கில் அவர் சாட்சி சொன்னபோது எல்லி பக்கத்தில் இருந்தது. அந்த நீதிமன்றமும் அதைத் தவறென்று சொல்லவில்லை. வயதை மட்டும் அளவுகோலாக வைக்காமல், அச்சமும் இயலாமையும் யாருக்கு இருக்கிறதோ அவருக்கு உதவி வேண்டும் என்பதற்கு அந்த வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. என் பாட்டிக்கு அது பொருந்தியிருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் இந்த எதிர்ப்பு முழுவதும் ஜூரிகளைச் சுற்றியே நிற்கிறது. மலேசியாவில் 1995 ஜனவரி 1 முதல் ஜூரி விசாரணையே இல்லை. தீர்ப்புச் சொல்பவர் பயிற்சி பெற்ற நீதிபதி. குழந்தையின் கண்ணீரையும் சாட்சியத்தையும் பிரித்துப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. நாயைப் பார்த்து அவர் மயங்கிவிடுவார் என்று வாதிடுவது கடினம். ஆகவே அமெரிக்காவில் மிக வலுவாக இருந்த எதிர்ப்பு, இங்கே மிக மெலிந்து போகிறது.

நம் சட்டத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு சிறார் சாட்சியச் சட்டம் இருக்கிறது. அதன் எண் 676. குழந்தை சாட்சி, குற்றஞ்சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் இருந்து பேசலாம். வேறோர் அறையில் இருந்து நேரலைக் காணொளி வழியாகப் பேசலாம். முன்கூட்டியே பதிவு செய்த காணொளியைச் சாட்சியமாக வைக்கலாம். கேள்விகளைக் குழந்தைக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஓர் இடைநிலையாளர் இருக்கலாம். பெரியவர் ஒருவர் குழந்தையின் துணைக்கு உடன் இருக்கலாம்.

2017ஆம் ஆண்டு இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. மலேசியக் குழந்தைகளைச் சீரழித்த ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரருக்கு 2016இல் லண்டன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோது நாடே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியின் பின்னணியில் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் (எண் 792) பிறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் புத்ராஜெயாவில் இத்தகைய வழக்குகளுக்கென்றே ஒரு சிறப்பு நீதிமன்றம் திறக்கப்பட்டது. குழந்தை சாட்சி சொல்லத் தகுதியுடையது என்பதையே அச்சட்டம் தொடக்க நிலையாக வைக்கிறது. வேறு சான்று இல்லாமல் குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டனை வழங்கவும் அது இடமளிக்கிறது.

சிறார் சாட்சியச் சட்டம் முதலில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மட்டுமே குழந்தை சாட்சி என்றது. 2023இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி 18 வயது ஆக்கியது. நான் சாட்சி சொன்னது அந்தத் திருத்தத்துக்கு முன். பதினாறு முடிந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் நான் சட்டத்தின் பார்வையில் பெரியவள். இன்று அதே வயதில் ஒரு மாணவி சாட்சி சொல்லப் போனால் அவளுக்குத் திரையும் துணையும் கேட்க வழி உண்டு. சட்டத்தில் ஓர் எண் மாறினால் எத்தனை பேருடைய நாள் மாறும் என்பதை நான் பாடநூலில் படிப்பதற்கு முன்பே என் உடம்பு கற்றுக்கொண்டது.

இப்போது துணை வரும் பெரியவர் பற்றிய விதியை இன்னொரு முறை பாருங்கள். உடன் இருக்கும் பெரியவர் குழந்தைக்குப் பதிலைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. பதில் மாறும்படி எந்த வகையிலும் தூண்டக் கூடாது. கேள்வி கேட்பதற்கு இடையூறு செய்யக் கூடாது. சட்டம் ஏன் இதை எழுதி வைத்தது? பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள் என்ற அச்சம்தான். தாய் பக்கத்தில் இருந்தால் அவள் கண்ணைப் பார்த்தே குழந்தை பதிலை மாற்றலாம். பல வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குடும்பத்துக்குள்ளேயே இருப்பார். அப்போது எந்தப் பெரியவரைத் துணைக்கு அழைப்பது என்பதே சிக்கல். மாமாவா? சித்தியா? அவர்கள் எந்தப் பக்கம்?

நாய்க்கு எந்தப் பக்கமும் இல்லை. அதற்கு வழக்கு தெரியாது, பதில் தெரியாது, கண் ஜாடை காட்டத் தெரியாது. துணை வேண்டும், ஆனால் அந்தத் துணை பதிலைத் தொடக் கூடாது என்று சட்டம் வைக்கும் நிபந்தனையை மனிதரைவிட ஒரு நாய் எளிதாக நிறைவேற்றும். இருந்தும் நம் சட்டம் ‘பெரியவர்’ என்று மட்டுமே சொல்கிறது. ஒரு நீதிபதி விரும்பினால்கூடச் சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சொல் இல்லை. அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

சமய உணர்வை எப்படி மதிப்பது?

மலேசியாவில் நாயைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயை ஈரத்தோடு தொட்டால் ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும்; அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். 2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவில் நாயைத் தொட்டுப் பழக முஸ்லிம்களை அழைத்த ஒரு நிகழ்ச்சி நாடெங்கும் பெரும் சர்ச்சையானது நினைவிருக்கலாம். அதே ஆண்டு, பார்வையற்றவரான ஸ்டீவன்ஸ் சான் தம் வழிகாட்டி நாய் லஷானுடன் பொது இடங்களுக்குள் நுழையத் தடைகளைச் சந்தித்ததும் செய்தியானது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நம் காவல்துறையிலும் தீயணைப்பு மீட்புத் துறையிலும் கே9 பிரிவுகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவில் மண்ணுக்குள் புதைந்தவர்களைத் தேட அந்த நாய்கள்தான் இறக்கப்பட்டன. அப்போது நாடு முழுவதும் அவற்றை நன்றியோடு பார்த்தது. தேவை தெளிவாக இருந்து, முறையும் ஒழுங்காக இருந்தால் நம் சமுதாயம் இடம் கொடுக்கிறது. மண்ணுக்கு அடியில் இருப்பவரைத் தேட நாய் உதவலாம் என்றால், அச்சத்துக்கு அடியில் புதைந்த பிள்ளைக்கும் உதவலாம்.

இதற்கான வழி 676ஆம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. குழந்தை நேரலைக் காணொளி வழியாக வேறோர் அறையில் இருந்து பேசலாம் அல்லவா? நாய் அந்த அறையில் இருக்கட்டும். நீதிபதி, மொழிபெயர்ப்பாளர், காவலர், குற்றஞ்சாட்டப்பட்டவர் யாரும் அதைத் தொட வேண்டியதில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. நாய்க்கென ஓர் அறை, தனி வழி, முறையான தூய்மை ஏற்பாடு போதும். நாய் இருப்பதால் இரக்கம் பிறக்கும் என்ற தற்காப்புத் தரப்பின் கவலைக்கும் இதே அறை விடை சொல்கிறது. கேமராவில் குழந்தையின் முகம் தெரியும், காலடி தெரியாது.

முஸ்லிம் குழந்தைக்கு நாய் வேண்டாம் என்று பெற்றோரோ பிள்ளையோ சொன்னால் அதுவே முடிவு. நாயைக் கண்டு நடுங்கும் குழந்தை எந்த இனத்திலும் இருக்கிறது. லயத்துத் தெருநாய் கடித்து ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைக்கு நீதிமன்றத்தில் நாயைக் காட்டுவது உதவி ஆகாது. கேட்டவருக்கு மட்டும் என்பதே விதியாக இருக்க வேண்டும்.

நாயால் முடியாதது

ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், ஆங்கிலேயர் காலத்து வெள்ளைக் கட்டடங்கள் கண்ணில் படும். அவற்றின் நடுவே உயர்நீதிமன்றமும் இருக்கிறது. உயர்ந்த தூண்கள், அகன்ற படிகள். அதிகாரத்தைக் கண்ணால் காட்டுவதற்காகக் கட்டப்பட்ட கட்டடம் அது. பழைய தோட்டத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் பிள்ளைக்கு அந்தப் படியே முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி மொழி. 1963/67 தேசிய மொழிச் சட்டத்தின்படி நீதிமன்ற மொழி மலாய். பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முதலாம், இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலும் தமிழ், வகுப்பிலும் பெரும்பாலும் தமிழ். கேள்வி மலாயில் பிறந்து, தமிழில் வந்து, பதில் தமிழில் கிளம்பி, மலாயில் பதிவாகிறது. ‘அவர் உன்னை எங்கே தொட்டார்?’ என்ற கேள்விக்கு ஒரு குழந்தை வீட்டில் வழங்கும் செல்லச் சொல்லால் பதில் சொல்லும். அந்தச் சொல்லை அறியாத மொழிபெயர்ப்பாளர் அதைத் தவறாகப் பெயர்த்தால் வழக்கே திசை மாறலாம். நானோ தமிழ்ப்பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். இரண்டு மொழியும் சரளம். அப்படியிருந்தும் என் முறை வந்தபோது, ‘பறித்தான்’ என்பதற்கு மலாய்ச் சொல் சட்டென்று வராமல் ‘எடுத்தான்’ என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் கொள்ளைக்கும் திருட்டுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. அதை நான் உணர்ந்து திருத்திச் சொல்வதற்குள் வியர்த்துப் போனேன்.

நாய் எந்த மொழியிலும் ஆறுதல் சொல்லும்; ஆனால் எந்த மொழியையும் பெயர்த்துச் சொல்லாது. ஆகவே நாயைக் கொண்டுவருகிறோம் என்ற பெருமையில் மொழிபெயர்ப்பாளருக்கான பயிற்சியை மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதில் சில பாடங்களைத் தருகிறது. குழந்தைக்கு இடையிடையே ஓய்வு தர வேண்டும், மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. புகார் கொடுத்த நாள் முதல் வழக்கு முடியும்வரை குழந்தையோடு நடக்கும் துணையாளர் ஒருவரை அதன் விதிகள் ஏற்படுத்தியுள்ளன. அத்தகைய துணையாளர்கள் முறையாக நியமிக்கப்பட வேண்டும் என்று 2023இல் இந்திய உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. நாய் வரும் நாளில் மட்டும் வரும். அந்தத் துணையாளர் எல்லா நாளும் வருவார். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் நான் மனிதரைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சட்டம் எப்படி இருக்க வேண்டும்?

என் பார்வையில் 676ஆம் சட்டத்தில் ஒரு சிறிய திருத்தம் போதும். குழந்தை சாட்சியோ, உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் பேசத் தடுமாறும் பெரியவரோ, பயிற்சி பெற்ற உதவி நாயைத் துணையாகக் கேட்கலாம். அனுமதிப்பது நீதிபதியின் முடிவு. நாய் நேரலைக் காணொளி அறையில் மட்டும் இருக்கும். எத்தகைய பயிற்சி பெற்ற நாய், அதை நடத்துபவர் யார், அவர் வழக்கைப் பற்றிக் குழந்தையிடம் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பவை விதிகளில் எழுதப்பட வேண்டும். தற்காப்புத் தரப்புக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர்கள் மறுப்பையும் கேட்க வேண்டும். நாய் இருந்ததை வைத்து சாட்சியத்தைக் கூட்டியோ குறைத்தோ மதிப்பிடக் கூடாது என்று எழுத வேண்டும்.

செலவு ஒரு தடைதான். இரண்டாண்டு பயிற்சி இலவசமாக வராது. அதனால் நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. புத்ராஜெயா சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு நாயோடு தொடங்கலாம். பிறகு ஈப்போ போன்ற நகரங்களுக்குக் கொண்டுவரலாம். நாய்கள் நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் உதவும் பணியை நம் நாட்டில் சில தன்னார்வ அமைப்புகள் ஏற்கெனவே முயன்று பார்த்திருக்கின்றன. அந்த அனுபவத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து மனுநீதிச் சோழனிடம் நீதி கேட்ட கதையைத் தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம். வாயில்லாப் பிராணிக்கும் அரண்மனை வாசல் திறந்திருந்தது என்று பெருமையாகச் சொல்வோம். வாய் இருந்தும் பேச முடியாத பிள்ளைக்கு நம் நீதிமன்றக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் அதே பெருமையோடு கேட்க வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே தெரிந்துகொள்ள வேண்டியவை சில. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட நீங்களோ உங்கள் தம்பி தங்கையோ எந்த வழக்கிலாவது சாட்சியாக அழைக்கப்பட்டால், திரை, காணொளி, துணைக்கு ஒரு பெரியவர் ஆகியவை சட்டத்தில் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். விசாரணை நாளுக்கு முன்பே அரசு தரப்பு வழக்கறிஞரிடமோ விசாரணை அதிகாரியிடமோ கேளுங்கள். உங்களுக்கு எந்த மொழியில் பேசுவது எளிது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் ‘புரியவில்லை’ என்று சொல்லுங்கள். ‘தெரியாது’ என்பது வேறு, ‘புரியவில்லை’ என்பது வேறு. என் பாட்டி அன்று முதலாவதைச் சொன்னார். அவர் சொல்ல நினைத்தது இரண்டாவது.

ஒரு குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடப்பது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பது 792ஆம் சட்டப்படி குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். காவல் நிலையம் போகத் தயங்கினால் தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். நீதிமன்றத்தில் பேசும் நாளுக்கு முன்னால், யாரிடமாவது முதல் முறையாகப் பேசும் நாள் ஒன்று இருக்கிறது. அன்று அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கப் போவது பெரும்பாலும் ஒரு நண்பனோ தோழியோதான். அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல், பதிலை எடுத்துக் கொடுக்காமல் கேளுங்கள். அதைச் செய்ய எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.